வாரியின் பிடி எவ்வளவு நீளம்

நவம்பரில் ஊலு ஆற்றில் கூழ்ப்பனி வரும்.
அணையின் வாய்க்கம்பிகளை அடைக்கும்,
விசையாழிக்கு மூச்சு முட்டும்.
அப்போது ஹில்ப்பா வாரியை இறக்குவாள்,
பன்னிரண்டு மீட்டர் இரும்புக் கை.
நான் மின்னளவிகளைப் பார்த்திருப்பேன்.
மேலே வருபவை
பிர்ச் கிளை, ஒற்றைக் கையுறை,
யாரோ தொலைத்த துடுப்பு.
ஒருமுறை, கழுத்துப்பட்டையோடு ஒரு நாய்.
பட்டையிலிருந்த எண்ணுக்கு அவளே பேசினாள்.
மறுமுனை வெகுநேரம் எதுவும் சொல்லவில்லையாம்.

இரவுப் பணியில் அவள் நாவல் எழுதுகிறாள்.

பழம்பாட்டில் ஒரு தாய் உண்டு.
இறந்தோர் நாட்டு ஆற்றில் துண்டு துண்டாய்ப் போன மகனை,
கொல்லனிடம் வாரி அடித்து வாங்கி,
மார்பளவு நீரில் நின்று
எலும்புக்கு எலும்பு, நரம்புக்கு நரம்பு
வாரிச் சேர்த்தவள்.
பள்ளியில் நாங்கள் எல்லோரும் அதைப் படமாய் வரைந்தோம்.
என் படத்தில் மகனுக்கு மூன்று கை.
ஆசிரியை சிரித்துவிட்டாள்.

ஹில்ப்பாவின் ஆறு, சனிக்கோளின் வளையம்.
மகன் சரக்குக் கப்பலோட்டி.
சிதறிப் பனித்தூளோடு பனித்தூளாய்ச் சுற்றுகிறான்,
உடையின் உலோக இழைகள் இன்னும் உடலில் ஒட்டியிருக்க.
தாய் காந்த வாரியோடு போகிறாள்.

படித்துவிட்டுச் சொன்னேன்:
எனக்கு இலக்கியம் தெரியாது, நான் கம்பி இழுப்பவன்.
ஆனால் எடையற்ற வெளியில்
வாருகிறவள் நின்ற இடத்தில் நிற்கமாட்டாள்.
அவள் அவனை இழுக்கும்போதெல்லாம்
அவனும் அவளை இழுப்பான்.

பேனாவைக் கீழே வைத்தாள்.
"காலூன்ற ஒன்றுமே இல்லையா?"
இல்லை.
"பாட்டில் ஆற்றுக்கு அடிமண் இருந்ததே" என்றாள்,
கொடுத்த கடன் திரும்பாதவள் போல.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
பிறகு அந்த அத்தியாயம் வேறாக வந்தது.
ஒவ்வொரு துண்டுக்கும் தாய்
கொஞ்சம் கொஞ்சமாய் வளையத்துக்குள் சரிகிறாள்.
கணக்கு வைத்திருக்கிறாள்:
தாடை, நாற்பது கிலோமீட்டர்.
சிறுவிரல், ஆறு.

ஹெல்சிங்கியிலிருந்து பதிப்பாசிரியர் எழுதினார்:
ஒரே வாரத்தில் சனிக்குப் போகும் கப்பல், சரி.
உடலைத் தைக்கும் இயந்திரம், சரி.
வானுக்கு அப்பாலிருந்து உயிர்த்தேன் கொண்டுவரும் தேனீயை மட்டும்
வாசகர் நம்பமாட்டார், எடுத்துவிடுங்கள்.
ஹில்ப்பா இரண்டே வரியில் பதில் போட்டாள்:
நான் புளுகியது கப்பலும் இயந்திரமும்.
தேனீ, நான் கேட்டு அறிந்தது.

நான் சொல்ல வந்தது கடைசி அத்தியாயம்.

தேன் நாவில் பட்டதும் மகன் விழிக்கிறான்.
அம்மா என்கிறான்.
அடுத்த மூச்சில், அவள் கேட்டிராத ஒரு மொழியில்,
மறுபடியும் அம்மா என்கிறான்.
அந்த இடது கை அவனுடையதல்ல.
முந்தைய ஆண்டு அதே வளையத்தில்
வேறொரு கப்பல் உடைந்திருந்தது.
யார் பெற்ற பிள்ளையென்று
வாரிக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் காற்றடைப்புக் கதவு தட்டப்படுகிறது.
வெளியே இன்னொரு தாய்.
அவள் கையிலும் வாரி.

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

இன்று அதிகாலை மறுபடி அடைப்பு.
பனிக்கூழ் வழிய இரும்புக் கை மேலேறிக்கொண்டிருந்தது.
திறந்தாளா என்று கேட்டேன்.
இரைச்சலில் கேட்காதவள் போல நின்றாள்,
கம்பியில் சிக்கிய ஒரு கிளையைப் பிய்த்தெறிந்தாள்,
பிறகு என் காதருகே வந்து கத்தினாள்:
"அந்த வாரியின் பிடி எவ்வளவு நீளம் என்று போடட்டும்?
பதினெட்டா, இருபதா?"

ஒருத்தியுடையது மட்டுமா, என்றேன்,
இருவருடையதையும் சேர்த்தா?