லோ புரொஃபைல்

மார்த்தாண்டம் மேம்பாலம்
ஜன்னலுக்கு நேரே ஓடுகிற மாடியில்
இங்கிலீஷ் வகுப்பு.
இமேஜ், ரெப்யூட்டேஷன், குட்வில்
என்று போர்டில் எழுதுகிறார் அருள்ராபின் சார்.
எங்கள் வீட்டில் இதெல்லாம் ஒரே பேருதான்.
கெட்டால் மூன்றும் சேர்ந்தே கெடும்.

பப்ளிக் என்றால்?
நாலு பேரு சார், என்றேன்.
வகுப்பு சிரித்தது.

அண்ணன் சீட்டுப் பணத்தோடு போன பிறகு
ரப்பர் விளை வழியே நடந்து
அடுத்த ஸ்டாப்பில்தான் பஸ் ஏறுகிறேன்.
அதற்கு லோ புரொஃபைல் என்று பெயராம்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்,
ஸ்பெல்லிங் தப்பாமல்.

வாக்கியத்தில் அமைத்துச் சொல்லு, டெல்பின் ஷைனி.

எழுந்தேன்.
முன் பெஞ்சில் நாலு பேர் திரும்பினார்கள்.
அதில் ஒருத்தியின் அம்மை
எங்களிடம் சீட்டுப் போட்டவள்.