ஒன்பது கண்ணிகள்

பலகையில் ஏழு விதிகள்.
ஏழாவதைக் கடற்புறா எச்சம் பாதி மூடிவிட்டது.
நான்காவது: ஆளில்லாப் படகு
மூன்று நாளுக்கு மேல் துறையில் நிற்கக் கூடாது.
அதைக் காக்கத்தான் எனக்குச் சம்பளம்,
கோடையில் முழுதாக, குளிரில் பாதி.

பலகையில் ஏறாதவை வேறு.
கயிற்றை நீளமாக விடு,
வருகிறவன் மூக்கை நுழைக்க இடம் வேண்டும்.
இந்த மெய்ன் கரையில்
ஓதம் பத்தடி ஏறும், பத்தடி இறங்கும்.
பெருக்கில் குட்டையாகக் கட்டிவிட்டு
இறால் ரொட்டி தின்னப் போன பாஸ்டன்காரரின் படகு
வற்றத்தில் மூக்கால் தொங்கியது,
பிழியாமல் மாட்டிய சட்டை மாதிரி.

அடுத்தவன் படகை மிதித்துத்தான் கரையேற வேண்டுமா,
நடுவில் மிதி.
மழை விட்டதும் உன் படகை இறைத்த கையோடு
பக்கத்துப் படகையும் இறை,
பிறகு அதைச் சொல்லிக்கொண்டு திரியாதே.
துடுப்பு உள்ளேயே கிடக்கட்டும். பூட்டாதே.
பூட்டு என்பது
ஊர் முழுவதையும் பெயர் சொல்லித் திட்டுவது.

கம்பத்தில் ஏற்கெனவே ஒரு கண்ணி கிடந்தால்
உன்னுடையதை அதற்குள் அடியிலிருந்து நுழைத்து
மேலே எடுத்துப் போடு.
யார் முதலில் கிளம்புவார்கள் என்று
யாருக்குத் தெரியும்?

அக்டோபரில்
கோர்லிஸ் ட்வெல்லியின் சாம்பல் நிறப் படகு
நாலாம் நாளும் நின்றது.
ஆரஞ்சுச் சீட்டு எழுதித் துடுப்புக் கொண்டியில் கட்டினேன்.
மழையில் மை கரைந்து, சீட்டு மட்டும் மிஞ்சியது.
இரண்டாவதைப் பென்சிலில் எழுதினேன்.
இரவெல்லாம் வாடைக்காற்று.
விடிந்து பார்த்தால்
மற்ற படகுகளில் கணுக்கால் அளவு தண்ணீர்,
அதில் ஒரு சொட்டு இல்லை.

மூன்றாம் சீட்டுக்குப் பிறகு விதி தெளிவு:
அவிழ்த்து இழுத்துப்போய்
நகரசபைக் கொட்டகையில் போட வேண்டும்.

ஐந்து மணிக்குப் போனேன்.
கைவிளக்கு, கம்பளிக் கையுறை, வாயில் நேற்றைய காப்பி.
கம்பத்தில் சாம்பல் படகின் கண்ணி
எல்லாவற்றுக்கும் அடியில்.
அதன்மேல் ஒன்பது.
ஒன்றுகூட உள்ளே நுழைத்துப் போட்டதில்லை.
கழுத்தில் மாலை விழுந்த மாதிரி
ஒன்றன்மேல் ஒன்றாக, நேராக.
ஆல்ட்டன் பீலின் நீலக் கயிறு,
தாக்ஸ்டர் சகோதரிகளின் தார் பூசிய கயிறு,
தபால் படகுக்காரன் எஸ்ராவின் கயிறுகூட.
தொட்டிலிலேயே கண்ணி போடக் கற்றவர்கள்
ஒரே இரவில் மறந்துவிட்டார்கள்.

கோர்லிஸ் எங்கே என்று ஊருக்குத் தெரியும்.
கடல் இலாகா அதிகாரியின் தொப்பியைத்
தண்ணீரில் எறிந்தான்.
அபராதம் கட்டமாட்டேன் என்றான்.
மாவட்டச் சிறை, பத்து நாள்.
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
நானும் யாரையும் கேட்கவில்லை.

அடிக் கண்ணியை உருவ வழி இருக்கிறது.
கொஞ்சம் தளர்த்தி
ஒன்பதின் உள்ளேயும் மேல்நோக்கி இழுத்தால்
கம்பத்தின் தலையைத் தாண்டி வந்துவிடும்,
மற்றவை அசையாது.
இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியும்.
குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்:
'அகற்ற இயலவில்லை. மேலே ஒன்பது கயிறுகள்.'
தேதி போட்டேன். கையெழுத்தும்.

பத்தாம் நாள் மத்தியானம் வந்தான்.
முகம் மழிக்காமல், அதே சட்டை.
கம்பத்தின் முன் குந்தி
ஒன்பதின் உள்ளேயும் கண்ணியை ஒரே இழுப்பில் உருவினான்.
கரையில் அத்தனை பேரும்
தத்தம் வலையை உற்றுப் பார்த்தார்கள்.

மூன்று சீட்டுகளையும் அவிழ்த்து
என் கையில் வைத்தான்.
"நூல் நன்றாகத்தான் இருக்கிறது, லொரீன்,
அடுத்தவனுக்கு ஆகும்."
படகில் இறங்கியதும் முணுமுணுத்தான்:
"எவனோ இறைகுவளையை
இடப்பக்கம் வைத்திருக்கிறான்."

எடுத்து வலப்பக்கம் வைத்துக்கொண்டு
துடுப்புப் போட்டான்.