இல்லை

மதியம் இரண்டே காலுக்கு அவசரச் சீட்டு வந்தது.
ஓஹையோ. ஒரு பௌலிங் கூடம்.
எத்தனை பேர் என்று சீட்டில் இருக்காது,
துப்பாக்கியின் எண் இருக்கும்.
எட்டு எழுத்து. மூன்றாவது
சுழியமா ‘ஓ’வா என்று எப்போதும் போல் ஒரு சந்தேகம்.

செய்தவர்களைக் கேட்டேன், மொத்த வியாபாரியைக் காட்டினார்கள்.
அவர் காட்டிய சில்லறைக் கடை மூடிப் பதினொரு வருடம்.
கடைக்காரர் இறந்த வாரமே அவர் மருமகள்
கணக்கையெல்லாம் வாழைப்பழப் பெட்டிகளில் கட்டி
இங்கே, மேற்கு வர்ஜீனியாவுக்கு, அனுப்பிவிட்டாள்.
பதினெட்டுப் பெட்டி. ஆற்று வெள்ளம் பார்த்தவை.

கணினி இல்லாமல் இல்லை.
பெயரைத் தட்டினால் பெயர் வராது, அவ்வளவுதான்.
வரக் கூடாதென்று சட்டம்.
யார் வீட்டில் என்ன இருக்கிறதென்று அரசு எழுதிவைத்தால்
ஒரு விடியற்காலை அரசு வந்து கதவைத் தட்டும்
என்று பயந்தவர்களின் சட்டம்.
ஆகவே, ரப்பர் உறை மாட்டிய கட்டைவிரலால்
புரட்டுகிறேன்.

சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் இரண்டு பேர்
சத்தம் அணைக்கப்பட்ட வாய்களால் மோதிக்கொள்கிறார்கள்.
எதிர் மேசை டெல்பர்ட் சொல்கிறான்:
எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
நோகவில்லை, டெல்பர்ட்.
அம்புக்கு எந்த ஊர் என்று கேட்கத்தான்
உனக்கும் எனக்கும் சம்பளம்.

ஆறாவது பெட்டியில் எலிப் புழுக்கை.
ஒன்பதாவதில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு,
வெண்ணெய்க் கத்தியால் பிரித்தேன்.
ஏழே முக்காலுக்கு, பதினான்காவதில், அவன்.

தொலைக்காட்சி சொன்ன அதே பெயர்.
பள்ளிக்கூடத்துச் சாய்வெழுத்து, பெயருக்கடியில் ஒரு கோடு.
குற்றம் சாட்டப்பட்டதுண்டா? இல்லை.
தண்டனை பெற்றதுண்டா? இல்லை.
தப்பி ஓடி ஒளிந்திருப்பவரா? இல்லை.
மனநல மருத்துவமனைக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டதுண்டா?
இல்லை.

எல்லா இல்லையும் உண்மை.
அன்றைக்கு உண்மை.
ஒரு பொய்யாவது இருந்திருந்தால்
அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருப்பேன்.
பன்னிரண்டு வருடம் வீட்டில் வைத்திருந்திருக்கிறான்.
மான் சுட்டிருப்பான். வேலிமேல் வைத்த தகர டப்பா சுட்டிருப்பான்.
எண்ணெய் போட்டுத் துடைத்து
உறையில் செருகியிருப்பான்,
இந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

ஓஹையோ துப்பறிவாளரைக் கூப்பிட்டு
பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
தெரியும், திருமதி ஸ்டெம்பிள், என்றார்.
ஓட்டுநர் உரிமம் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.
அவருக்குப் பின்னால் யாரோ
காலணி அளவுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்,
வாடகைக் காலணியைத் திருப்பித் தராதவர்களுடையவை.
ஒன்பது.
ஆறரை.
சிறுவர் அளவு, பதிமூன்று.

போன நவம்பரில் நானும் நிரப்பினேன் அந்தத் தாளை.
ராய்ஸ் என் மூன்றாவது வீட்டையும் கண்டுபிடித்து
இரவில் கைப்பிடியைத் திருகிப் பார்த்ததற்கு மறுநாள்.
நீதிமன்றம் தந்த தடையுத்தரவு
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினேன்.
நான்காவது வீட்டின் முகவரியும் அதில்தான் இருக்கிறது.
என் பெயரைத் தட்டினாலும் வராது.
ராய்ஸின் அண்ணன் காவல்துறையில் இருக்கிறான்.
அந்தச் சட்டத்துக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன்,
சத்தமில்லாமல், இதே நாற்காலியில்.

வீடு வந்து, விளக்குப் போடாமல் சற்று நின்று,
துண்டுகளுக்கடியிலிருந்து அதை எடுத்தேன்.
அடுப்புக்கு மேலிருக்கும் விளக்கில் அதன் எண்ணைப் படித்தேன்.
மூன்றாவது எழுத்து
சுழியமா, ‘ஓ’வா.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி பார்த்தேன்.