இலகு அச்சு

துளைத்தகட்டை அமிலத்தில் இட்டுவிட்டுப்
படியிறங்கினேன்.
முப்பத்தைந்து நிமிடம் ஊறினால் போதும்.
தும்முல்லையில் மண்ணெண்ணெய் வருதாம்,
வந்து இடம்பிடி என்று
சபீக் நானா போன் எடுத்திருந்தார்.

வரிசை மெலிந்து நீண்டு கிடந்தது
பௌத்தாலோக மாவத்தை மதிலோடு.
ஒருபக்கம் மதில், மறுபக்கம் உரசிப்போகும் பஸ்,
நடுவில் ஓராள் அகலம்.
யாரும் சொல்லாமலே
எல்லார் முகமும் ஒரே பக்கம்.

நிக்கலும் இப்படித்தான்.
உருண்டையாய் இருந்தால் அதற்கு
மருதானையும் ஒன்று, வெள்ளவத்தையும் ஒன்று.
அதையே
தலைமயிரிலும் இரண்டாயிரம் மடங்கு மெலிதாய்
துளைக்குள் வளரவிட்டால்
காந்தம் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும்.
முனைகள் இரண்டும் எட்ட எட்ட,
ஒன்றின் தொல்லை மற்றதற்கு இல்லை.
குறுக்கே திருப்பப் பார்,
விலா முழுக்க முனையாகி
முரண்டுபிடிக்கும்.
அதே பச்சைக் கரைசல்தான், அதே உலோகம்தான்.

பவுசர் வந்தது.
வரிசை பருத்தது.
ஒன்று மூன்றாகி, கேனோடு கேன் முட்டி,
எனக்கு முதுகு காட்டி நின்ற குடைக்கார நோனா
இப்போது என்னையே பார்த்து நின்றார்,
நீ எத்தனை மணிக்கு வந்தாய் என்று.
பின்னால் ஒருவர் பம்புக்கே முதுகைக் காட்டிச்
சண்டைபிடித்தார்.

நான் திரும்பியபோது எழுபத்தைந்து நிமிடம்.
நாற்பதாய் இருக்கவேண்டிய துளை
எண்பது நானோமீற்றர்.
"வீச வேண்டாம் மிஸ்" என்றார் கருணாதிலக்க,
"தகடு இனி எப்ப வருமோ."
அதிலேயே வார்த்தோம்,
இரண்டு மின்வெட்டுக்கு நடுவில்.

வியாழக்கிழமை அளந்தேன்.
சதுரமாய் நிமிரவேண்டிய வளையம்
சரிந்து, வயிறொட்டி,
பாதிப் புலத்திலேயே கைவிட்டிருந்தது.
துளைகளின் இடைவெளியைப் பழைய தகட்டோடு ஒப்பிட்டேன்,
மையத்துக்கு மையம் அதே நூற்றைந்து.
கம்பிகள்தான் பருத்து
ஒன்றின் மூச்சு மற்றதில் படுகிறது.
ஒவ்வொன்றும் தன் நீளத்துக்கு நிற்கப் பார்க்க
அண்டைக் கம்பிகள் சேர்ந்து
தலைகீழாய்த் தள்ளுகின்றன.
எனக்கு ஏனோ கோபம் வரவில்லை.
சாய்ந்த கோட்டையே
பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பேட்டில்
"காரணம்" என்று எழுதி நிறுத்தினேன்.
மண்ணெண்ணெய் என்று எழுதினால்
பேராசிரியர் சிவப்பால் வெட்டுவார்.
"துளை அகல்வு, எழுபத்தைந்து நிமிடம்" என்று போட்டேன்.

கிடைத்தது இரண்டு லீற்றர்.
அந்தப் பக்கம் மட்டும்
இன்னும் மணக்கிறது.