இரும்புச் செதில்

கோத்தகிரிக்கு விடுப்பில் வந்த மூன்றாம் இரவு.
மேகம் வேலியேறி உள்ளே வருகிறது.
போஜன் கேரட் பாத்தியைச் சுற்றிக்
கல்லுப்புத் தூவுகிறான்,
டார்ச்சை வாயில் கவ்வியபடி.
மழை விட்டால் நத்தை.

தொட்டபெட்டாவைத் தலைகீழாய்க் கடலில் அமிழ்த்தினால்
உச்சி இடிக்குமே, ஏறக்குறைய அந்த ஆழத்தில்
போன மாதம் என் கேமரா நின்றது.
கரும்புகை கக்கும் பாறைப் புழை.
ஈயம் உருகும் அந்த நீருக்குச் சற்றே தள்ளி
ஒன்றின்மேல் ஒன்றாய் நத்தைகள்,
காலெல்லாம் இரும்புச் செதில்.

வாய் உண்டு, பெரிதாய்த் தின்பதில்லை.
தொண்டைக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்
கந்தகத்தில் உலை வைத்து
உள்ளேயே பரிமாறிவிடுகின்றன.
உடம்புக்கு மீறிய இதயம் வேறு.

ஒன்றை மேலே கொண்டுவந்தோம்.
காற்றுப் பட்டுச் சில நாளில்
செதில் துருவேறிற்று,
எங்கள் வீட்டுக் கேட்டைப் போல.

"உப்புக்குச் சாகாத நத்தையா?"
டார்ச்சைக் கையில் எடுத்துக் கேட்கிறான் போஜன்.
"உப்புக்குள்ளேயே பிறந்தது."
அவன் கை நிற்கிறது.
சற்று நேரம்தான்.
மிச்சத்தையும் தூவி உள்ளங்கையைத் தட்டிக்கொள்கிறான்.

என் செருப்பில் ஒட்டி
சமையலறை வரை வந்துவிட்டது ஒன்று.
விளக்கைப் பார்த்துக் கொம்பை இழுத்துக்கொள்கிறது.
உப்பு ஜாடியை
மேல் தட்டில் வைக்கிறேன்.