உப்பு

பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை.
கரண்டி எதற்குள் கிடக்கிறதோ,
ஓப்பனர் மட்டும் கோட்டுப் பையில்.

லைப்சிக்கில் பதினோராவது நாள்.
ஸ்டேஷனை ஒட்டிய பாரில் கொடுத்தது
சோப்பு நுரை.
அடுத்த கடையில்
பலகை முழுக்க நீள நீளமாய்ப் பெயர்கள்,
கிளாஸில் வெறும் தண்ணீர்.
இன்னொன்றில் மாம்பழம் போட்டிருந்தார்கள்;
மன்னித்துவிட்டேன்.

டிராமில் தவறான நிறுத்தத்தில் இறங்கிய இரவு
சைக்கிள் கடைக்குப் பின்னால்
ஒரு கதவு, புளித்த வாடை,
உள்ளே ஆறே நாற்காலி.
கெர்னோட் என்று சட்டையில் தைத்திருந்தவர்
என்ன வேண்டுமென்று கேட்காமலே ஊற்றினார்:
கலங்கிய மஞ்சள்,
மூக்கருகே மல்லி விதை.

முதல் மடக்கிலேயே நாக்கு நின்றுவிட்டது.
உப்பு.
குக்ஸ்ஹாஃபன் படகுத்துறையில்
காற்று உதட்டில் விட்டுப்போகும் அதே உப்பு.
"கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"
"ரயிலில் பாதி நாள்" என்றார் கெர்னோட்,
"இது சூப்பர்மார்க்கெட் உப்பு,
பாக்கெட் நாற்பது சென்ட்."

இன்னொரு கிளாஸ் கேட்டேன்.
பக்கத்து நாற்காலிக்காரி
தூங்கும் தன் நாயை இழுத்து
என் காலுக்கு இடம் விட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழி
இன்னும் பிடிபடவில்லை.
இங்கே வருவதற்குத் தெரியும்:
தவறான நிறுத்தம், சைக்கிள் கடை,
இடது பக்கம்.