டோர் பீடிங்

ஆடி பிறந்தால் போதும்,
பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வரும் காற்று
உடுமலைக் காத்தாடிகளை எல்லாம் சுற்றிவிட்டு
மிச்சத்தை எங்கள் டூ-நாட்-செவனின்
கதவிடுக்கில் வைத்து ஊதும்.
குடிமங்கலத்தில் கிளம்புகிற ஊளை
காங்கயம் கொப்பரைக் களத்தில் வண்டியை
நிறுத்தினால்தான் நிற்கும்.

பீடிங் செத்துப்போய் வருசமாச்சு.
வெயிலில் காய்ந்து கருவாடாகி
நகம் பட்டால் உதிர்ந்தது.
மழைக்கு என் கதவு சும்மா இருக்கும்,
இடதுகதவு மட்டும் ஒழுகும்,
சரியாகத் துளசிமணியின் பாதத்தில்.
அவள் செருப்பைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு
கணக்கு நோட்டை மடியில் விரிப்பாள்.

உக்கடத்தில் ரஹ்மத்துல்லா கடை.
'உள்ளே கம்பி வெச்சதா, வெறும் ரப்பரா?'
கம்பி வெச்சது. கதவுக்கு மூன்றரை மீட்டர்.
'இழுத்து மாட்டாதீங்கண்ணா.
இழுத்தா அன்னைக்கு அழகா இருக்கும்,
பத்து நாள்ல சுருங்கி
மூலை வாயைப் பொளந்துக்கும்.'

ஞாயிற்றுக்கிழமை.
திருப்புளியால் நெம்பிப் பழசை உரித்தேன்.
பள்ளம் நெடுக கொப்பரைத் தூள்,
செத்த குளவி ஒன்று,
ஏதோ ரசீதின் கிழிந்த மூலை.
அதில் அவள் எழுத்தில் 'மீதி 40'.
யாருக்கு மீதி என்று இல்லை.
பழைய பசையை மண்ணெண்ணெய்த் துணியால்
தேய்த்துத் தேய்த்து
பெயிண்டின் முதல் நீலம் வரை போய்விட்டேன்.

இணைப்பு கீழே வரவேண்டும், மேலே வந்தால் மழை படித்துவிடும்.
மூலையில் கட்டைவிரல், அப்புறம் உள்ளங்கையால் ஒரு தட்டு,
இழுக்காமல், ஊட்டுகிற மாதிரி.
கடைசியில் அரை விரல் நீளம் கூட இருந்தது;
வெட்டாமல் திணித்தேன்.
புது ரப்பரின் நெடியில் கோழி கூடக் கிட்ட வரவில்லை.

கதவு சாத்த மறுத்தது.
தோளால் இடித்துச் சாத்தி, கயிறு போட்டுக் கட்டி
ரெண்டு ராத்திரி விட்டேன்.

புதன்கிழமை முதல் லோடு.
குடிமங்கலம் தாண்டியும் ஊளை இல்லை.
கியர் ராடு நடுங்குவது கேட்டது,
சீட்டுக்கடியில் ஜாக்கி உருள்வது கேட்டது,
அவள் வளையல் கேட்டது.
ஏழு வருசமாக இந்த கேபினில்
கத்தியே பேசிப் பழகியவர்களுக்கு
மெதுவாகப் பேச எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

குண்டடம் வந்தபோது அவள் சொன்னாள்:
'தம்பிக்கு ஜாமீன் போடட்டுங்களான்னு
போன ஐப்பசியில இதே இடத்துலதான் கேட்டேன்.
ம்-னீங்க.
போட்டுட்டேன்.'

ம்.
காற்றுக்கு நான் சொல்லி வந்த பதில் அது.
அவள் எது கேட்டாலும்,
கேட்காவிட்டாலும்.

'எவ்வளவு?' பழக்கத்தில் கத்திவிட்டேன்.
'கத்தாதீங்க. ரெண்டு லட்சம்.
அவன் மூணு தவணையாக் கட்டலீங்க.'

ஊதியூர் மலை வந்தது, போனது.
ரெண்டு பேரும் டயர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிறகு அவளே கண்ணாடியை
ஒரு விரற்கடை இறக்கினாள்.
பழைய ஊளை உள்ளே வந்து உட்கார்ந்தது.
அதற்குள் முகம் திருப்பி
இன்னும் ஏதோ சொன்னாள்.

ம் என்று வாய்வரை வந்தது.
வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து,
'என்னது?' என்றேன்.